ரெண்டு விரலை வச்சு விரிச்சா...

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கம்மி. அதனால ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். தபால்தலையும் வரும், டேப்லெட்டும் வரும். ரெண்டும் ஒத்துக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

எங்க ஊர்ல தபால்தலை சேகரிக்கிற பெருசுங்க சிலர் சேர்ந்து மூணு மாசத்துக்கு ஒரு பத்திரிகை கொண்டு வர்றாங்க. 24 பக்கம், 300 பிரதி. ஆசிரியர் ரிட்டயர் ஆன போஸ்ட் மாஸ்டர். "தம்பிக்கு கம்ப்யூட்டர் தெரியும்" என்கிற ஒரே தகுதியில் 2007-ல் அதோட இணையப் பதிப்பு என் தலையில் விழுந்தது. டேபிளுக்குள்ள டேபிள் போட்டு, 200 புள்ளி அகலத்துல குட்டிக் குட்டிப் படமா வச்சு ஒப்பேத்தினேன். ஒரே ஒரு அலட்டல் மட்டும் உண்டு. படத்து மேல மவுஸைக் கொண்டு போனா தபால்தலை திரும்பி முதுகைக் காட்டும். 1865-ல வந்த விக்டோரியா ராணி தலைகளில் யானைத்தலை நீர்க்குறி இருக்கும், அதைப் பின்பக்கத்தில்தானே பார்க்கணும்? கூட்டத்துல கைதட்டினாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

2013-ல் ஒருத்தர் கூட்டத்துக்கு ஐபேடோட வந்தார். மகன் வாங்கிக் கொடுத்ததாம். அடுத்தடுத்த கூட்டத்துல நாலஞ்சு பேர் கையில பார்த்தேன். வயசானவங்களுக்கு அது நல்ல தோது. ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டே படிக்கலாம், மவுஸோட மல்லுக்கட்ட வேண்டாம். "நம்ம பத்திரிகை இதுல வருமா தம்பி?"ன்னு ஆசிரியர் கேட்டார். "ஒரு வாரம் சார்"னு சொல்லிட்டேன். வாய்க்கொழுப்பு.

முதல்ல அச்சுக்குப் போற பிடிஎஃப்பையே தூக்கிப் போட்டேன். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம். நிமிர்த்திப் பிடிச்ச 9.7 அங்குலத் திரை 15 செ.மீ. கூட வராது. பத்து பாயிண்ட் எழுத்து ஏழு பாயிண்டாச் சுருங்கிப் போச்சு. இதுல ரெண்டு பத்தி வேற. இடது பத்தியைக் கீழே வரைக்கும் படிச்சுட்டு, மறுபடி மேலே இழுத்து, வலது பத்திக்குப் போகணும். "பக்கம் பக்கமா இருந்தாத்தான் அது பத்திரிகை"ன்னு பிடிவாதமா நின்ன ஆசிரியரே ரெண்டு பக்கத்துல கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டார்.

சரி, இணையப் பதிப்பையே திரைக்குத் தகுந்த மாதிரி வளையற வடிவத்துக்கு மாத்தலாம்னு இறங்கினேன். அப்பதான் ஒவ்வொண்ணா பூதம் கிளம்பிச்சு.

முதல் அடி என் முதுகு காட்டற வித்தைக்குத்தான். விரலுக்கு 'மேல கொண்டு போறது'ன்னு ஒண்ணு கிடையாது. தொட்டா தொட்டதுதான். யானைத்தலையைக் காணோம். அதைத் தூக்கிட்டு, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் அடுத்தடுத்து வச்சேன். யோசிச்சுப் பார்த்தா முதல்லயே அப்படி வச்சிருக்கலாம்.

ரெண்டாவது கூத்து போதிசத்துவரால. 1949 ஆகஸ்ட் 15-ல் தொல்லியல் சின்னங்களை வச்சு ஒரு வரிசை வெளியிட்டாங்க. அதுல ஒரு அணா தலையில போதிசத்துவர் சிலை கண்ணாடியில பார்த்த மாதிரி இடவலம் மாறி அச்சாகிடுச்சு. இடது கை நீண்டிருக்கிற மாதிரி ஆயிடுச்சு. 1950-ல் வலது கை நீண்டிருக்கும்படி திருத்தி மறுபடி வெளியிட்டாங்க. எங்க கட்டுரையில ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். "இடப்பக்கம் உள்ளது பிழையானது, வலப்பக்கம் உள்ளது திருத்தியது"ன்னு விளக்கம். டேப்லெட்டை நிமிர்த்திப் பிடிச்சா ரெண்டும் மேலே கீழே ஆயிடுது. இடமும் இல்லை வலமும் இல்லை! இடவலம் மாறின தபால்தலை பற்றிய கட்டுரைக்கே இந்த கதின்னா பார்த்துக்கோங்க. 'மேலே, கீழே'ன்னு மாத்தி எழுதினா, படுக்க வச்சுப் பிடிக்கிறவருக்கு அது தப்பு. கடைசியில ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் ஆண்டை ஒட்டி வச்சேன். படம் எங்க ஓடினாலும் விளக்கமும் கூடவே ஓடும்.

எல்லாம் முடிச்சு, பத்திரிகை பார்க்க ஒரு ஆப் மாதிரி கெத்தா இருக்கணும்னு வியூபோர்ட் வரியில 'யூசர்-ஸ்கேலபிள்=நோ'ன்னு ஒரு துண்டு சேர்த்தேன். யாரும் விரலை வச்சு இழுத்து என் வடிவமைப்பைக் கலைச்சிடக் கூடாதாம். ஏத்தியாச்சு. பாராட்டு போன் எல்லாம் வந்தது.

நாலாம் நாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு போன். ரிட்டயர் ஆன தலைமையாசிரியர், பத்திரிகை ஆரம்பிச்ச நாள்ல இருந்து சந்தாதாரர். ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு, இன்னொண்ணுல பார்வை பாதிதான். லென்ஸைப் பிடிச்சா கை நடுங்குதுன்னு அச்சு இதழை நிறுத்தியிருந்தார். ஆல்பத்தை வித்துடலாமான்னுகூட ஆசிரியர்கிட்ட கேட்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ரெண்டு விரலை வச்சு விரிச்சா பேரன் போட்டோ பெருசாவுது. உங்க தபால்தலை மட்டும் அசைய மாட்டேங்கு. நான்தான் தப்பா அழுத்துதேனோ?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. தபால்தலை சேகரிக்கிறவன் கையில முதல்ல இருக்க வேண்டியது லென்ஸ். இந்தச் சனியன் பிடிச்ச பலகையில கை நடுங்காத லென்ஸ் ஒண்ணு இலவசமா இருக்கு. அதைப் பூட்டி வச்சது நான். அவர் என்னடான்னா, தன் விரல் மேல சந்தேகப்படறார்.

"உங்க மேல தப்பில்லை சார், என் மேலதான்"னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே அந்தத் துண்டைப் பிடுங்கி எறிஞ்சேன். ஆனா பெருசாக்கினா படம் கட்டம் கட்டமா உடையுது. 200 புள்ளியில என்னத்தை லென்ஸ் வைக்கிறது? ஆசிரியர் ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா 600 டிபிஐல மறுபடி ஸ்கேன் பண்ணினோம். ரெண்டரை செ.மீ. தலை கிட்டத்தட்ட 590 புள்ளியா வந்தது. பக்கத்துல சின்னப் படம், தொட்டா பெரிய படம்.

ஸ்கேன் பண்ணும்போது தலைக்குப் பக்கத்துல ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலையும் வச்சோம். அதுக்கும் காரணம் உண்டு. பல் துளைகளை 2 செ.மீ. நீளத்துல எத்தனைன்னுதான் எண்ணுவாங்க. ஒருத்தர் எங்க பக்கத்துல '2 செ.மீ.'னு போட்ட கோட்டு மேல நிஜத் தபால்தலையையே வச்சு எண்ணிட்டு, கணக்கு உதைக்குதேன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டார். உலாவி அங்குலத்துக்கு 96 புள்ளின்னு கணக்குப் போடுது, அந்தத் திரையில 132 இருக்கு. நான் எழுதின 2 செ.மீ. கண்ணாடி மேல ஒன்றரைகூடத் தேறலை. படத்துக்குள்ளயே ஸ்கேல் இருந்தா எந்தத் திரையில எவ்வளவு பெருசாக்கினாலும் ஏமாத்தாது.

எல்லாம் சரி பண்ணி ஏத்தின மறுநாளே அவர்கிட்ட இருந்து போன். நன்றி சொல்லப் போறார்னு நினைச்சு எடுத்தேன்.

"தம்பி, 1950-ன்னு போட்டிருக்கதுல இடது கைல்லா நீண்டிருக்கு? மாத்திப் போட்டுட்டியளோ?"

பார்த்தேன். ஆண்டை ஒட்டின அவசரத்துல ரெண்டையும் இடம் மாத்தியிருக்கேன். ரெண்டு நல்ல கண்ணு இருக்கிற ஆசிரியரும் நானும் கோட்டை விட்டதை, பாதிப் பார்வைக்காரர் பிடிச்சிட்டார். அன்னைக்கு அவர் குரல்ல இருந்த துள்ளல் இருக்கே! ஆல்பத்தை விக்கிற பேச்சை அதுக்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. கடைசி வரைக்கும் எங்களோட பிழை திருத்துநர் அவர்தான். சம்பளம் இல்லாத வேலை, ஆனா ஒரு இதழையும் விட்டதில்லை.

2016-ல் வந்த ஐஓஎஸ் 10-லிருந்து ஐபேடோட உலாவியே அந்த 'நோ'வை மதிக்கிறதில்லை. பூட்டு போட்டது நான் ஒருத்தன் மட்டும் இல்லை போல :-)

இப்பவும் புது இதழ் ஏத்தினதும் என் முதல் வேலை, ரெண்டு விரலை வச்சு விரிச்சுப் பார்க்கிறதுதான்.

டிஸ்கி: படத்துக்குப் படம் 'வலப்பக்கம் பார்க்க'ன்னு எழுதற பழக்கம் உங்களுக்கும் இருந்தா, ஒரு தடவை திரையைத் திருப்பிப் பிடிச்சுப் பாருங்க மக்கா.