அரைப் பேர் போடாத அரை மணி நேரம்

நோயாளிக்கு மாத்திரை எழுதுவதுபோல ஆட்டத்தையும் பாட்டையும் தியானத்தையும் எழுதிக் கொடுக்கலாம் என்ற பேச்சு பொதுச் சுகாதாரத் துறையில் வலுத்து வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம் 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் கலைகள் கைகொடுக்கின்றன என்றது. 2024இல் ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 21ஐ உலக தியான தினமாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தை முன்னெடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆனால் சப்ரகமுவ மாகாணத்தின் இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இந்தப் பயிற்சிகள் வந்து சேர ஆசிரியரும் பாயும் மட்டும் போதாது. முதலில் வேண்டியது நேரம், அதுவும் சம்பளம் குறையாத நேரம்.

சப்ரகமுவவில் தேயிலையோடு றப்பரும் பெருந்தொழில். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் பால்வெட்டுபவர் விடியும்போதே மலைக்குப் போய்விடுகிறார். பட்டையில் வெட்டு கீழே இறங்க இறங்க அவர் முதுகும் கூடுதலாகக் குனிகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ கூடையின் பாரம் முழுவதும் கயிறு வழியே தலையில் தொங்குகிறது. கழுத்தும் தோளும் அதைத் தாங்கியபடியே சரிவில் ஏறி இறங்க வேண்டும். இந்த உடம்புக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எளிதாகக் கிடைப்பது வலி மாத்திரை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியோ, நாட்பட்ட முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்னதாக உடற்பயிற்சி, யோகா, தை சி, மனக்குவிப்புத் தியானம் ஆகியவற்றை முயலச் சொல்கிறது. இவற்றின் பலன் பெரிதல்ல என்பது உண்மைதான். வலி மாத்திரையின் பலனும் அப்படியொன்றும் பெரிதல்ல. நாளடைவில் அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவும் கூடும்.

ஆட்டமும் பாட்டும் தோட்டத்துக்குப் புதியவையும் அல்ல. மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் தகனம்வரை நடக்கும் காமன் கூத்தில், தப்பின் அடிக்கு ரதியும் மதனும் ஆடுவது பல நாள் உழைப்பு. பெண்களிடம் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மார் சிலரை லண்டனில் 10 வாரம் குழந்தைகளோடு கூடிப் பாட வைத்தார்கள். சோர்வு மிதமாகவோ கடுமையாகவோ இருந்த தாய்மாரில், பாடியவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. பிள்ளை மடுவத்தில் தாய்மாரைக் கூட்டிப் பாடச் செய்ய மருத்துவமாதுவுக்குப் பெரிய செலவு எதுவும் வராது. ஆனால் பழையதை அப்படியே தூக்கி வைத்தால் போதும் என்றும் எண்ணக்கூடாது. காமன் கூத்தில் ரதி வேடம்கூடப் பெரும்பாலும் ஆணுக்கே போகிறது. தப்பைத் தொடுவதைச் சாதியோடு சேர்த்து இழிவாகப் பார்க்கும் வழக்கமும் ஒழியவில்லை. பெண்களுக்கு இடமும் தப்புக்கு மரியாதையும் தராத கலை எல்லோருக்கும் மருந்தாகாது.

‘லயத்துக் கூரை ஒழுகும்போது மூச்சை இழுத்து விடு என்பது ஏமாற்று வேலை’ என்று தொழிற்சங்கக்காரர் சொல்லக்கூடும். அந்தக் கோபம் நியாயமானது. சம்பளத்துக்கும் வீட்டுக்கும் பதிலாகத் தியானத்தை நீட்டினால் அது பொறுமையைப் புகட்டும் மருந்துதான். ஆனால் அதே பயிற்சியை வேலை நேரத்துக்குள் கேட்கும்போது, உழைப்பவரின் உடம்புக்குக் கம்பனியும் பொறுப்பு என்று சொல்ல வைக்கிறோம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் இடத்தில், அந்தி சாய்ந்து அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணிடம் ‘நேரம் கிடைக்கும்போது செய்’ என்பது அறிவுரையே தவிர சுகாதார சேவை ஆகாது. தியானம் ஒரு மதத்தைத் திணிக்கும் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு. பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாழும் மாகாணத்தில் பயிற்சியை மந்திரமும் படமும் இல்லாமல் கற்றுத் தரலாம்; வேண்டாம் என்பவருக்கு உடற்பயிற்சியோ பாட்டோ இருக்கட்டும். கம்பனிக்கு அரை மணி நேரக் கொழுந்து நட்டமாகும் என்றால், முதுகு பிடித்து ஒருவர் வேலைக்கு வராத நாளின் நட்டத்தையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாயோடு இன்னொரு கோரிக்கையும் இடம்பெறட்டும்: வாரத்தில் சில நாள், பிரட்டுக்களத்திலோ பிள்ளை மடுவத்திலோ, சுகாதார ஊழியர் நடத்தும் அரை மணி நேரம், அதற்காக எவருக்கும் பேர் குறையக்கூடாது. தொழிற்சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும், சுகாதார அமைச்சு இதற்கு ஆள் தர வேண்டும்.