ஸோர்பா ஆடிய மணல்

க்ரீட் தீவுக்குப் போகிறவர்கள் முதலில் க்னாஸஸ் அரண்மனையைப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட நாலாயிரம் வருஷப் பழசு. நான் போனது, 1964-ல் வந்த ஒரு படத்தில் இரண்டு பேர் டான்ஸ் ஆடிய இடத்தைப் பார்க்க!

படம் 'ஸோர்பா த க்ரீக்'. கறுப்பு வெள்ளை. புத்தகப்புழுவான ஓர் இளைஞன், அப்பா விட்டுப்போன நிலக்கரிச் சுரங்கத்தை நடத்த க்ரீட்டுக்கு வருகிறான். கூடவே ஒட்டிக்கொள்கிறார் ஸோர்பா. வேலை தெரிந்தவர், வாயும் ஜாஸ்தி. மலைமேலிருந்து மரங்களை இறக்க ஒரு கம்பிவடம் கட்டுகிறார். திறப்பு விழாவில் மரங்கள் அசுர வேகத்தில் பாய்ந்து வர, தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. ஊரே தலைதெறிக்க ஓடுகிறது. போட்ட பணம் பூராவும் காலி. கடற்கரையில் மிச்சம் இரண்டே பேர். 'எனக்கு ஆடக் கத்துக்கொடு' என்கிறான் முதலாளிப் பையன்!

அந்த மணல்தான் ஸ்தாவ்ரோஸ். தீவின் மேற்கே ஹான்யா என்று ஒரு அழகான பழைய துறைமுக ஊர். (ஆங்கிலத்தில் 'சானியா' மாதிரி எழுதியிருக்கும். அப்படிச் சொன்னால் பஸ்காரர் சிரிக்கிறார்.) அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வழியெல்லாம் ஆலிவ் மரமும் பாறையும்.

இறங்கிப் பார்த்தால், அட, இவ்வளவு சின்னதா! வட்டமாக ஒரு குட்டி வளைகுடா. ரொம்ப தூரம் போனாலும் ஆழமில்லாத தண்ணீர். எதிரே செங்குத்தாக ஒரு மொட்டை மலை. அந்தச் சரிவில்தான் கம்பிவடம் சரிந்தது. ஒரு ஆணியாவது தென்படுமா என்று தேடினேன். ஆடுகள்தான் தென்பட்டன.

ஒரு விஷயம் தெரியுமா? இந்தக் கதையில் க்ரீட்டில் நிஜமாக நடந்தது ரொம்பக் கம்மி. நாவல் எழுதிய காஸன்ட்ஸாகிஸ் இந்தத் தீவுக்காரர்தான். நிஜ ஸோர்பாவும் உண்டு. பெயர் யோர்கோஸ் ஸோர்பாஸ். இருவரும் சேர்ந்து நிலக்கரி தோண்டியதும் நிஜம், திவாலானதும் நிஜம். ஆனால் அது கிரீஸின் தெற்கே மானி என்ற பகுதியில், முதல் உலகப் போர்க் காலத்தில். 1946-ல் நாவல் வந்தபோது சுரங்கத்தை அப்படியே தூக்கித் தன் தீவில் வைத்துவிட்டார் எழுத்தாளர்.

படத்திலோ இன்னும் தமாஷ். ஸோர்பாவாக நடித்த ஆன்டனி குவின் மெக்ஸிகோவில் பிறந்தவர். டைரக்டர் ககோயானிஸ் சைப்ரஸ்காரர். காமிராமேன் வால்டர் லாஸலி பெர்லினில் பிறந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். வயதான பிரெஞ்சுக்காரியாக நடித்து ஆஸ்கர் வாங்கிய லீலா கெத்ரோவா ரஷ்யாவில் பிறந்தவர்.

சரி, அந்த டான்ஸாவது அசலா? அதுவும் இல்லை! அந்தக் காட்சியை எடுக்கும்போது குவினுக்குக் காலில் அடி, குதிக்க முடியாது. காலை மணலில் இழுத்து இழுத்து வைத்தாராம். 'இது என்ன ஆட்டம்?' என்று டைரக்டர் கேட்க, வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி 'பாரம்பரிய நடனம்' என்று சமாளித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'ஸிர்தாகி' என்று உலகம் முழுக்க ஆடுகிறார்களே, அது இந்தப் படத்துக்காகப் பிறந்ததுதான். மூலம், ஹசாபிகோ என்ற பழைய கசாப்புக்காரர் ஆட்டம். நம்ம 'கசாப்பு'க்கும் அந்த 'ஹசாபி'க்கும் ஒரே பூர்வீகம். அரபியிலிருந்து கிளம்பி ஒன்று இந்தப் பக்கம் வந்தது, ஒன்று அந்தப் பக்கம் போனது.

மெதுவாக ஆரம்பித்து வேகமெடுக்கும் அந்த இசை மிகிஸ் தியோடராகிஸுடையது. 1967-ல் ராணுவம் கிரீஸில் ஆட்சியைப் பிடித்ததும் அவர் பாட்டு அத்தனைக்கும் தடை போட்டது. வாசித்தாலும் குற்றம், கேட்டாலும் குற்றம். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். உலகமே தாளம் போட்ட ட்யூனை, 1974-ல் ராணுவ ஆட்சி ஒழிகிறவரை கிரேக்கர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது. 2021-ல் காலமானவரை ஹான்யா பக்கத்தில் அப்பாவின் ஊரான கலாதாஸில்தான் அடக்கம் செய்தார்கள்.

லாஸலி கதை இன்னும் விசேஷம். இந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர், வயதான காலத்தில் ஸ்தாவ்ரோஸுக்கே குடிவந்துவிட்டார். ஆஸ்கர் பொம்மையை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. கடற்கரை ஓட்டல் ஒன்றில் எல்லோரும் பார்க்கட்டும் என்று கொடுத்துவிட்டார். 2012-ல் ஓட்டல் தீப்பிடித்தது, ஆஸ்கரும் போச்சு. கம்பிவடம் சரிந்த அதே கரையில்! மனிதர் ஊரைவிட்டுப் போகவில்லை. 2017-ல் கடைசி மூச்சு வரை க்ரீட்டில்தான் இருந்தார்.

சாயங்காலம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். எதிர்பார்த்த மாதிரியே அந்த ட்யூன் ஆரம்பித்தது. நாலைந்து டூரிஸ்டுகள் தோளில் கைபோட்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தர் வழுக்கை, ஒருத்தர் தொப்பை. ஆபீஸில் மேலதிகாரி முன்னால் கைகட்டி நிற்கிற ஜாதி என்று பார்த்தாலே தெரிகிறது, நமக்குத் தெரியாதா! வேகம் கூடக் கூட கால்கள் பின்னிக்கொண்டன. ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

"இது உங்க ஊர் ஆட்டமே இல்லையாமே?" என்று கடைக்காரரைக் கிண்டினேன்.

"அறுபது வருஷமா கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆடறோம். இன்னும் எத்தனை வருஷம் ஆடினா எங்களுதுன்னு ஒத்துப்பீங்க?" என்றார்.

என்னிடம் பதிலில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் வெயில் தாழ்ந்து போங்கள்; மலை பொன்னாக ஜொலிக்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் அத்தனையும் போனால்கூட ஸோர்பா மாதிரி ஆடலாம். பஸ் போய்விட்டால் டாக்ஸிக்காரர்தான் ஆடுவார்!