அப்பாயி தெளியவைத்த தண்ணீர்

மலேசியாவில் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். மழை கொட்டிய மறுநாள் லயத்து வரிசைவீடுகளின் பீலிக் குழாயில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். ஓடை நீர் நேராகக் குழாயில் வருவதால் செம்மண்ணும் கூடவே வரும். விடியுமுன்னே அம்மாவும் அப்பாவும் பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குப் போய்விடுவார்கள். தண்ணீரைத் தெளியவைப்பது அப்பாவின் அம்மாவான அப்பாயியின் வேலை.

லயத்துக்குப் பின்னால் நின்ற முருங்கையில் சில காய்களைப் பறிக்கவே விடமாட்டார். மரத்திலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்க வேண்டும். சிறகு வைத்த விதைகளை நான் உரித்துக் கொடுப்பேன். வெள்ளைப் பருப்பை இடித்து, நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, அந்தப் பால்சாற்றைக் குடத்தில் ஊற்றுவார். அகப்பையால் முதலில் விறுவிறுவென்று கலக்குவார். பிறகு தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெதுவாக. "இனி யாரும் கை வைக்கக்கூடாது." மண் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் இறங்கும்.

"எங்க ஊர்ல தேத்தாங்கொட்டைய உரசுவோம். இங்க அதுக்கு எங்க போறது சாமி?" துறையூர்ப் பக்கத்துப் பேச்சை அவர் கடைசிவரை விடவில்லை.

பள்ளிக்குப் போகும் வழியில் ரப்பர்ப் பால் பதப்படுத்தும் ஸ்டோர் இருந்தது. தீம்பார் எனும் மரக்காட்டிலிருந்து வந்த பாலை ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைப்பார்கள். கட்டியை உருளையில் பிழிந்தபின் மிஞ்சும் வெளுத்த தண்ணீர் அல்லூர் எனும் வடிகாலில் ஓடும். அழுகிய முட்டை நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே தாண்டுவோம். பத்து வயதில் ஒருநாள் ஒரு வாளி அல்லூர் தண்ணீரை மொண்டுவந்து அப்பாயி முன் வைத்தேன். "இதையும் தெளிய வைங்க அப்பாயி."

அவர் சிரிக்கவில்லை. விதை இடித்தார், கலக்கினார், காத்திருந்தார். சாயங்காலம் மேல்தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. குனிந்து மோந்தார்.

"நாத்தம் போகலையே சாமி. இது மண்ணு இல்ல, தண்ணியிலயே கரைஞ்சு கெடக்கு."

அவர் சொன்னது வேதியியல் என்று பின்னாளில் தெரிந்தது. சேற்றுத் துகள்கள் எதிர்மின் ஏறியவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். முருங்கை விதையின் புரதம் நேர்மின் கொண்டது. அது துகள்களை ஒட்டவைத்து இறக்கிவிடும். ரப்பர்ப் பால் உறைவதும் ஏறக்குறைய இப்படித்தான். அதன் துகளும் எதிர்மின்தான், ஆசிட் அதை அடக்குகிறது. ஆனால் அல்லூர் தண்ணீரில் கரைந்துபோன சர்க்கரையும் ஆசிட்டும் விதைக்கு அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. 2007இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனை ஆலைக் கழிவுநீரில் எண்ணெய் எடுத்த முருங்கை விதையைச் சோதித்தார்கள். மிதந்த கசடு பெரும்பாலும் இறங்கியது. கரைந்த அழுக்கில் ஒரு பங்குதான் போனது.

அந்த அழுக்கைத் தின்னக் கிருமிகள் வேண்டும், அவற்றுக்குக் குளமும் நாளும் வேண்டும். ஆலைக் கழிவைக் கட்டுப்படுத்தும் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது 1974இல். ரப்பர் ஆலைகளுக்கான தனி விதிகள் 1978இல் வந்தன. அல்லூர் ஓரத்தில் வளர்ந்த எங்களுக்கு அது மிகத் தாமதம்.

வீட்டில் முருங்கை இருந்தால் நாலு காயை மரத்திலேயே முற்றவிடுங்கள். மழைக் கலங்கலுக்கு உதவும், ஆலைக் கழிவுக்கு அல்ல. தெளிந்ததைக் கொதிக்கவைத்து அன்றைக்கே குடித்துவிடுங்கள். விதைச்சாறு கலந்த நீர் வைத்திருந்தால் கெட்டுவிடும். அப்பாயி மிச்சத்தை விடிந்ததும் வாழைக்கு ஊற்றிவிடுவார்.