பூட்டிய வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஒரு வாட்ச்மேன்

நம் புதுச்சேரியில் பிள்ளைகள் வெளியூரிலோ பிரான்சிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. பல வீடுகளில் இப்போது 'ரிமோட்' ஏற்பாடு வந்துவிட்டது. பிள்ளைகள் அங்கிருந்தபடியே நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் கரண்ட் போய் வந்த பிறகும் அது வேலை செய்யுமா என்று பார்த்து வைத்திருக்கிறோமா?

சென்ற ஆண்டு மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு மாதம் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். புதுச்சேரி வீட்டில் கம்ப்யூட்டரை ஓட விட்டுத்தான் கிளம்பினோம். அதில் ஒரு கடைக்காரர் ரிமோட் மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

அப்போது பக்கத்துத் தெரு அக்காவிடமிருந்து போன் வந்தது. எண்பதைத் தாண்டியவர். அவர் கணவர் சொல்தா. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்த பின், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். அவர் காலமான பிறகு அக்காவுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. ஆண்டுதோறும் 'செர்த்திஃபிகா த வீ', அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, அனுப்ப வேண்டும். போய்ச் சேராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அதை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன்.

"தம்பி, வந்த கடிதத்தைக் காணோம். இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்றார். மருந்து, வாடகை எல்லாம் அவருக்கு அந்தப் பணத்தில்தான். படிவமும் பென்ஷன் நம்பரும் ஸ்கேன் செய்து என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன.

பேரன் இணைத்துப் பார்த்தான். 'ஆஃப்லைன்' என்றது. வீட்டுச் சாவி மாடியில் குடியிருக்கும் தம்பியிடம் இருந்தது. "ஐயா, ராத்திரி கரண்ட் போச்சு" என்று சொல்லி, போய்ப் பொத்தானை அழுத்தினார். பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்தது. இங்கே இன்னும் 'ஆஃப்லைன்'தான்.

பேரன் ஒவ்வொன்றாகக் கேட்டான். மோடத்தில் விளக்கு எரிகிறதா? எரிகிறது. பாஸ்வேர்டு திரையின் வலது மூலையில் நெட் குறி இருக்கிறதா? இருக்கிறது. "அப்படின்னா நெட்டில் குறை இல்லை தாத்தா. யாராவது உள்ளே நுழைஞ்ச பிறகுதான் அந்த மென்பொருளே எழுந்திருக்கும்" என்றான்.

எனக்கு உடனே புரிந்தது. அலுவலகத்தில் கதவு திறந்து, விளக்கு போட்டாலும், கிளார்க் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஃபைல் நகரும். வாட்ச்மேன் அப்படியில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் அவர் வாசலில் இருப்பார். கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு வகை உண்டு. வாட்ச்மேன் வகைக்கு 'சர்வீஸ்' என்று பெயர். எங்கள் மென்பொருள் கிளார்க் வகையாகப் போடப்பட்டிருந்தது.

உள்ளே நுழைய பாஸ்வேர்டு சொல்லியாக வேண்டும். வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தயங்காத எனக்கு, இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். என் பேங்க் கணக்கு விவரம், பிறர் நம்பிக் கொடுத்த காகிதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அக்காவின் நாலு நாளை நினைத்துச் சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 'ஜி' என்கிற எழுத்து பிரெஞ்சில் 'ஜே'. 'ஜே' என்பது 'ஜி'. அதனால் "காந்தி பெயரில் முதல் எழுத்து" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னேன்.

அவர் உள்ளே நுழைந்ததும் இங்கே பச்சை விளக்கு வந்தது. படிவத்தை பேரன் அவர் போனுக்கு அனுப்ப, அவர் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தார். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் போனிலேயே சொன்னேன். நாலு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது; பென்ஷன் நிற்கவில்லை.

பிறகு பேரன் மென்பொருளைச் சர்வீஸாக மாற்றினான். அப்போது விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டி அங்கே வந்தது, இங்கே தெரியவில்லை. மாடித் தம்பிதான் 'யெஸ்' அழுத்தினார். ரீஸ்டார்ட் செய்ததும் பாஸ்வேர்டு திரையே கோயம்புத்தூரில் தெரிந்தது. அன்றே பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன்.

நீங்களும் பிள்ளைகளிடம் சொல்லி மூன்று காரியம் செய்துகொள்ளுங்கள். மென்பொருள் சர்வீஸாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கப் போகாதபடி வையுங்கள். கரண்ட் வந்ததும் தானே இயங்கும் வசதி பயாஸில் இருந்தால் அதையும் போடுங்கள். இப்படி வைத்தால் கதவு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் பாஸ்வேர்டு கடினமாக இருக்க வேண்டும். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது இந்த மாதிரி மென்பொருளைப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டு போடாமல் அப்படியே விட்டுவிட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளையை இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.