நாற்காலிக்கு அந்தப் பக்கம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி மகளோடு உட்கார்ந்து 'தி டெவில் வேர்ஸ் பிராடா' பார்த்தேன். 2006-ல் வந்த படம். பிளஸ் டூ படிக்கும் அவளுக்கு நிஃப்ட் நுழைவுத் தேர்வு எழுத ஆசை. பி.காம். முடித்து இருபது வருஷமாக அடுத்தவர் கணக்கைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் எனக்கு ஃபேஷன் என்றால் ஓணத்துக்கு எடுக்கும் கசவு வேட்டியோடு சரி. "பிள்ளை என்ன படிக்கப் போறான்னாவது தெரிஞ்சுக்குங்க" என்று தங்கமணிதான் பிடித்து உட்கார வைத்தார்.

படத்தில் ஒரு பத்திரிகை ஆசிரியை. அவர் உதட்டைச் சுழித்தால் போதும், ஒருத்தரின் பல மாத உழைப்பு குப்பைக்குப் போய்விடும். 1988 முதல் 2025 வரை அமெரிக்க 'வோக்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அன்னா வின்டூரை மனதில் வைத்துப் படைத்த பாத்திரம் என்பார்கள். மூலக்கதையை எழுதிய லாரன் வைஸ்பெர்கர் அவரிடம் உதவியாளராக இருந்தவர்.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "நம்ம நாட்டுல இப்படி யாராவது இருந்தாங்களாப்பா?"

இருந்தாரம்மா. புபுல் ஜெயகர்.

1915-ல் பிறந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரியின் மகள். லண்டனில் படித்தவர். இந்திரா காந்தியின் நெருங்கிய தோழி. கைத்தறி, கைவினை சம்பந்தப்பட்ட அரசு அமைப்புகளில் இவர் சொல்தான் பல வருஷம் எடுபட்டது. 1950-களில் சென்னை, பம்பாய் என்று தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களுக்குப் பின்னால் இருந்தவர். கே.ஜி. சுப்ரமணியன் மாதிரிப் பெரிய ஓவியர்களே கைத்தறி டிசைனுக்கு வேலை பார்த்த காலம் அது. 80-களில் லண்டன், பாரிஸ், அமெரிக்கா என்று நடந்த இந்தியத் திருவிழாக்களை நடத்தியதும் இவர்தான். பத்திரிகைகள் 'கலாசார ஜாரினா' என்று எழுதின. அதில் மரியாதை பாதி, குத்தல் பாதி.

இன்னொரு வேடிக்கை. யாரையும் குருவாக ஏற்காதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஜே. கிருஷ்ணமூர்த்தியிடம் நெருக்கமாக இருந்து, அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர் இவர். தன் துறையிலோ, இவர் பேச்சுக்கு மறுபேச்சு அபூர்வம்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பா குழித்தறி நெசவாளர். நான் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, சங்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, பெரிய பொட்டு. அப்பா நான்கு நாள் நெய்த சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கரையில் இழை விலகியிருக்கு" என்று சொல்லித் தள்ளி வைத்தார். நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சேலைக்குக் கூலி இல்லை.

கட்டம் போட்ட தாளில் வரைந்த ஒரு டிசைனை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன். அப்பாவோ, "விலகித்தாம்ப்பா இருந்துச்சு. அவங்க கண்ணு சரியாப் பிடிச்சிருச்சு" என்றார். பிறகு அந்த டிசைன் நன்றாக ஓடியது. என் ஸ்கூல் ஃபீஸுக்குக் கொஞ்ச காலம் அதுதான் ஆதாரம்.

அந்த அம்மா வேறு, புபுல் ஜெயகர் வேறு. ஆனால் பின்னாளில் ஜெயகரின் புகைப்படத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூடவே ஒரு நன்றியும். இரண்டையும் சேர்த்து என்ன பெயர் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏனென்றால் மதுபனியும் இவர் கணக்கில்தான் வருகிறது. 1966-67-ல் பீகாரில் கடும் வறட்சி. சுவரில் கோலம் மாதிரி வரைந்துகொண்டிருந்த பெண்களிடம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரைக் காகிதத்தோடு அனுப்பினார். வீட்டுச் சுவர் ஓவியம் காசு தரும் தொழிலானது. அவர்களில் ஒருவரான கங்கா தேவிக்கு 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதிகாரம் இல்லாத ஒருவருக்கு அந்த யோசனை வந்திருந்தால் அது யோசனையாகவே போயிருக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த நாள் மகளை பாலராமபுரம் கூட்டிப் போனேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், 1800-களின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்களைக் கூட்டிவந்து குடிவைத்த ஊர். நாமெல்லாம் வேலைக்காக ஊரை விட்டு வந்ததைப் பெரிதாகப் புலம்புகிறோம், அவர்கள் வந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது.

அங்கே ஒரு பெரியவரைத் தேடித்தான் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக அவருடைய கடன் விண்ணப்பம் என் மேஜையில். இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தேன். ஒருமுறை சான்றிதழ் இல்லை, ஒருமுறை கையெழுத்து ஒத்துவரவில்லை. விதிப்படி நான் செய்தது சரிதான். இரண்டாம் முறை திருப்பிக் கொடுத்தபோது அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் அந்த ஆசிரியை கோட்டைக் கழற்றி மேஜையில் வீசியபோதுதான் எனக்கு அந்தக் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டு முன்னறையில் தறி. குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழப் பார்த்தார். "உட்காருங்க அண்ணாச்சி" என்றேன். என் தமிழைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "சாரே, நீங்க தமிழா?" ஆபீஸில் இருவருமே மலையாளம்தான் பேசியிருந்தோம்!

மகள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எது உள், எது வெளி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்க, பாவு ஓட்டுவதிலிருந்து கசவு இழை கோர்ப்பது வரை அவர் சொல்லிக்கொண்டே போனார்.

கடனை நான் அங்கேயே கொடுத்துவிடவில்லை. இன்னும் ஒரு தாள் குறைகிறது, அது குறைந்தால் குறைந்ததுதான். ஆனால் என்ன தாள், யாரிடம் வாங்க வேண்டும், எங்கே கையெழுத்து என்று தமிழில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவருக்கு மலையாளத்தைவிடத் தமிழ் வாசிக்க வரும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நிதானமாக வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இதை முதல் தடவையே எழுதித் தந்திருக்கலாமே சாரே."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.