குட்டிக்கு எத்தனை மைல் நடை?

லயத்து வாசலில் நாய்க்குட்டிக்கா பஞ்சம்? நானும் ஒன்று வளர்த்தேன். அதற்கு 4 மாதம் ஆனபோதே கழுத்தில் கயிறு கட்டி, தினமும் பள்ளிக்குப் புறப்படுமுன் செம்மண் சாலையில் 2 மைல் ஓட்டிச் சென்றேன். நான் சைக்கிளில், அது காலால்! உடம்பு தேறும் என்ற எண்ணம். மூன்றாம் வாரம் முன்கால் நொண்டிற்று.

பட்டணத்து மிருக வைத்தியர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கடிந்துகொண்டார். குட்டியின் எலும்பு நுனிகள் குருத்தாக இருக்குமாம். சிறு ஜாதிக்கு ஏறக்குறைய 1 வயதில் இறுகும். பெரிய ஜாதிக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். அதுவரை சைக்கிளோடு ஓட்டமும், படியிலிருந்து குதிப்பதும் ஆகாது.

மாதத்துக்கு 5 நிமிடம், ஆக 4 மாதக் குட்டிக்கு 20 நிமிட நடை என்று சிலர் சொல்வார்கள். அது குத்துமதிப்புதான். குட்டி உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள், தூக்கி வாருங்கள். புல்தரையில் தானாக ஓடியாடுவது வேறு. களைத்தால் அதுவே படுத்துக்கொள்ளும். நாளில் 18 மணி நேரம் தூங்கினாலும் திட்ட வேண்டாம். வகுப்பில் தூங்கும் பையனை விடாத நான் சொல்கிறேன்!

என் குட்டி தேறிவிட்டது. ஆனால் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது.