பாரிபதாவில் ஐந்தாண்டுகள்

மாணவர்தம் கட்டுரை ஏடுகளில் எளிதாக வந்து விழும் சொற்களுள் 'மன்னிப்பு' என்பது ஒன்று. பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னாலும், நட்பைப் பற்றி எழுதச் சொன்னாலும், மூன்றாம் பத்தியில் அச்சொல் தவறாமல் வந்து நிற்கும். ஆசிரியரும் சிவப்பு மையால் ஒரு சரிக்குறியிட்டுவிட்டு அடுத்த ஏட்டை எடுப்பார். எழுதியவனுக்கும் சரி, திருத்தியவருக்கும் சரி, அச்சொல்லைக் கையில் எடுத்து அதன் கனத்தைப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. பார்க்க விரும்புவோர், 1999-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவின் ஒரிசா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததையும், அதற்குப் பின் ஒரு பெண்மணி செய்ததையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அம்மாநிலம் 2011 முதல் ஒடிசா என வழங்கப்பெறுகிறது.

கிரகாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலே பிறந்தவர். ஒரிசாவின் வடபகுதியில், மயூர்பஞ்சு மாவட்டத்தின் தலைமை ஊராகிய பாரிபதாவில் வாழ்ந்த ஓர் இளைஞரோடு அவருக்குச் சிறு வயதிலேயே பேனா நட்பு ஏற்பட்டது. கடல் கடந்து சென்ற கடிதங்கள் அக்காலத்தில் எத்தனையோ பேருடைய வாழ்க்கையைத் திசை திருப்பியிருக்கின்றன. ஸ்டெயின்ஸ் 1965-இல் இந்தியா வந்தார், வந்தவர் திரும்பவில்லை. பாரிபதாவில் இயங்கிவந்த தொழுநோயாளர் இல்லத்தின் பணியில் ஈடுபட்டார். ஒடியா மொழியையும், பழங்குடி மக்கள் பேசும் சந்தாலி, ஹோ ஆகிய மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். ஹோ மொழியில் புதிய ஏற்பாட்டை ஆக்கும் பணியில் துணை நின்று, அதன் படியைச் சரிபார்த்தும் தந்தார். சிறிய மக்கட் கூட்டம் ஒன்றின் மொழியைத் தேடிக் கற்பது எத்தகைய மதிப்புச் செய்தல் என்பதை மொழி ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

சுங்கை பூலோ குடியிருப்பின் வரலாற்றை அறிந்த மலேசிய வாசகர்களுக்குத் தொழுநோயாளர் இல்லம் என்றால் என்னவென்று தெரியும். 1930-இல் திறக்கப்பெற்ற அக்குடியிருப்பில் வாழ்ந்தோர், நோயைவிட, உற்றார் உறவினர் முகம் திருப்பிக்கொண்டதையே பெரிய துன்பமாகக் கொண்டனர். பாரிபதாவிலும் அவ்வாறே. அந்நோய் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களின் உணர்ச்சியை அழித்துவிடும். அடுப்பிலே கை பட்டாலும் சுடுவது தெரியாது. காலிலே கல் குத்தினாலும் வலி தெரியாது. வலி தெரியாததனாலேயே புண் பெரிதாகும். 1980-களில் பரவிய கூட்டு மருந்து சிகிச்சை நோயைத் தீர்த்தது. ஆனால் அழிந்த விரல்களையும் இழந்த வீட்டையும் அம்மருந்தால் மீட்டுத் தர இயலவில்லை. ஆகவே அங்கிருந்தோருக்குச் சபாய்ப் புல்லைக் கொண்டு கயிறும் பாயும் கூடையும் செய்யக் கற்றுக்கொடுத்து, அவர்கள் தம் கையால் உண்ண வழி செய்தார்கள். இத்தகைய பணியினிடையே 1981-இல் கிளாடிஸ் என்னும் செவிலியை ஸ்டெயின்ஸ் சந்தித்தார். அவரும் குயின்ஸ்லாந்துக்காரரே. 1983-இல் திருமணம் நிகழ்ந்தது. ஒரு மகளும் இரு மகன்களும் பிறந்தனர். பிள்ளைகள் தமிழகத்தின் உதகமண்டலத்திலே பள்ளியில் பயின்றார்கள்.

1999 ஜனவரி. மகன்கள் இருவரும் பள்ளி விடுமுறையில் வந்திருந்தனர். மூத்தவன் பிலிப்புக்கு வயது 10. இளையவன் திமோத்திக்கு 6. கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் என்னும் பழங்குடிச் சிற்றூரில் அவ்வட்டாரக் கிறித்தவர்கள் ஆண்டுதோறும் கூடுவது வழக்கம். தந்தை அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றார். ஜனவரிக் குளிர். ஜனவரி 22-ஆம் நாள் இரவு மூவரும் தம் வண்டிக்குள்ளேயே உறங்கினர். நள்ளிரவைக் கடந்த வேளையில் கோடரியும் தடியும் ஏந்திய ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட கூட்டம் வந்தது. வண்டியின் கீழ் வைக்கோலைத் திணித்துத் தீ வைத்தனர். வெளியேற முயன்றவர்களை வெளியே வர விடவில்லை. விடிந்தபோது கரிந்த வண்டியே எஞ்சியிருந்தது. மேலும் விரித்துரைக்க வேண்டாம். மாணவர்களும் படிக்கும் ஏடு இது.

ஒரிசாவில் கிறித்தவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவர். அவர்களுள்ளும் மிகப் பலர் காட்டோரத்து ஏழைகள். ஸ்டெயின்ஸ் மதமாற்றம் செய்தார் என்பதே கொலைக்குக் கூறப்பட்ட காரணம். மதமாற்றம் பற்றிப் பலரும் பலவாறு கருதலாம், சட்டமன்றத்திலும் வாதிடலாம். ஆறு வயதுக் குழந்தையைத் தீயிலிட்டவன் அவ்வாதத்தில் பேசும் உரிமையை இழந்துவிடுகிறான். கொலைகாரர் தம் சமயத்தின் பெயரைச் சொன்னார்கள். அதே சமயத்தைச் சேர்ந்த மக்கள் பாரிபதாவில் திரளாக வந்து அம்மூவரின் இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்தல் நேர்மையாகும்.

செய்தி பாரிபதா வீட்டை அடைந்தபோது தாயும் 13 வயது மகளுமே அங்கிருந்தனர். கொன்றவர்களை மன்னித்துவிடுவோம் என்று தாய் மகளிடம் கூறினார், மகளும் இசைந்தாள். பின்னர் செய்தியாளர்களிடமும் அதையே கூறினார். தமக்குக் கசப்பில்லை என்றார். அடக்கத்தின்போது தாயும் மகளும் சேர்ந்து ஒரு ஞானப்பாடலைப் பாடினார்கள். இந்தியா முழுவதும் அக்காட்சியைத் தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் கண்டது. கண்டவர் சிலர் வியந்தனர். சிலருக்கு ஐயமும் எழுந்தது. கணவனையும் இரு பிள்ளைகளையும் இழந்த தாய்க்கு இவ்வளவு விரைவில் இது கூடுமா? உண்மையில் உணர்ந்தாரா, அதிர்ச்சியில் ஏதோ சொன்னாரா?

நியாயமான ஐயம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிறித்தவக் குழந்தைகள் பேசக் கற்கும் நாளிலேயே ஒரு மன்றாட்டைக் கற்கிறார்கள். தாங்கள் பிறரை மன்னிப்பது போலவே இறைவன் தங்களை மன்னிக்கவேண்டும் என்னும் வேண்டுதல் அதிலே உண்டு. பொருள் தெரியாமலே ஆயிரம் முறை, பதினாயிரம் முறை சொல்வார்கள். வாய்பாட்டை மனப்பாடம் செய்த சிறுவனுக்குக் கடைத்தெருவில் நிற்கும்போது விடை தானே வந்துவிடுவது போல, அவ்வம்மையாருக்கும் அவ்விடை அன்று காலையில் வந்தது எனலாம். மனப்பாடத்தை இழித்துப் பேசும் இக்காலத்துக் கல்வியாளர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழில் இத்தகைய ஒரு நிகழ்ச்சியை நாடுவோருக்குப் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வருவார். திருக்கோவலூரில் இருந்து ஆண்ட அவ்வரசரைப் போரிலே வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி அடியவர் கோலத்தில் அரண்மனைக்குள் நுழைந்தான். சுவடிக் கட்டிலே மறைத்து வைத்திருந்த கத்தியால் அரசரைக் குத்தினான். வாளெடுத்த காவலன் தத்தனை அரசர் தடுத்தார். குத்தியவனை எவரும் தீங்கு செய்யாமல் நகருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவரச் சொன்னார். தத்தன் திரும்பி வந்து சேதி சொன்ன பின்னரே அவர் உயிர் நீத்தார். வகுப்பிலே இக்கதையைச் சொல்லும்போது, கொன்றவனைக் காப்பது எப்படி அறமாகும் என்று ஒரு மாணவனாவது கேட்பான். அரசர் காத்தது அவன் தாங்கிய திருவேடத்தை என்று விடை கூறுவது மரபு. மனோகர்பூருக்கு வந்தவர்கள் எந்தத் திருவேடமும் தாங்கி வரவில்லை. மேலும், நாயனார் தம்மைக் குத்தியவனை விடுவித்தார். கிளாடிஸ் அம்மையாரின் முன் இருந்ததோ தம் பிள்ளைகளைக் கொன்றவர்களின் கணக்கு. எது அரிது என்று அளந்து பார்ப்பது நம் வேலையில்லை. வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. முத்தநாதனைத் தத்தன் எல்லை கடத்தி விட்டான். கிளாடிஸ் அம்மையார் அவ்வாறு எவரையும் விடுவிக்கச் சொல்லவில்லை. மன்னிப்பது தம் உள்ளத்தின் செயல் என்றும், குற்றத்தின் விளைவு சட்டத்தின் பொறுப்பு என்றும், இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பலாகாது என்றும் அவர் தெளிவாகவே கூறினார். வழக்கு தன் வழியே நடந்தது. தலைமைக் குற்றவாளி தாரா சிங் ஓராண்டு காடுகளில் மறைந்து திரிந்து, 2000-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் பிடிபட்டான். 2003-இல் கீழ்நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனையும் வேறு பன்னிருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2005-இல் உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, பதினொருவரை விடுவித்தது. 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நெருக்கமாக வாழும் குடும்பங்களிலும் இத்தெளிவு அரிதாகவே காணப்படும். ஒருவனை மன்னித்தால் அவன் செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும் என அஞ்சியே பலர் பகையை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொற்களே என்று ஒருவர் கூறலாம். சொன்ன சொல்லோடு அம்மையார் விமானம் ஏறி ஆஸ்திரேலியா போயிருந்தாலும் உலகம் அவரைப் போற்றியிருக்கும். அவரை யாரும் குறை கூறியிருக்கவும் முடியாது. பிறந்த நாடு இருந்தது; உறவினர் இருந்தனர்; வளரும் மகள் இருந்தாள். அவர் போகவில்லை. இல்லத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். அடுத்த நாளும் அங்கே புண்களைக் கழுவ வேண்டியிருந்தது; மருந்து எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது; அரிசி வாங்க வேண்டியிருந்தது; கயிறு திரித்தவருக்குக் கூலி கணக்கிட வேண்டியிருந்தது. தொழுநோயாளர் இல்லத்தின் வேலை திடீரென்று முடிந்துவிடுவதில்லை. ஒரு பாதத்துப் புண் ஆற மாதங்கள் ஆகும். ஆறிய இடத்திலேயே மீண்டும் திறக்கும். ஒரிசா மக்கள் தம் கணவரைக் கொன்றார்கள் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. சிலர் கொன்றனர், மற்றவர்கள் காலைதோறும் கட்டுப் போட்டுக்கொள்ள வந்தனர். ஐந்தாண்டுகள் இப்படிக் கழிந்தன. அந்த ஐந்தாண்டுகளில் அவருக்குத் துயரம் இல்லை என்று எவரும் கருதலாகாது. உணர்ச்சி அற்றுப்போன கையும் கால்களும் எத்தகையவை என்பதை நாள்தோறும் கண்டவர் அவர்.

இந்நிகழ்ச்சியை மேடைகளில் எடுத்துரைப்போர் இவ்விடத்திலே நிறுத்திக்கொள்வது வழக்கம். நிறுத்துதல் முறையன்று. மன்னிப்பு கண்டு வன்முறை நாணி ஓடிவிடவில்லை. 2008 ஆகஸ்டு 23-இல் அதே மாநிலத்துக் கந்தமால் மாவட்டத்தில் சுவாமி லட்சுமணானந்தரும் அவருடன் இருந்தோரும் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகள் தாங்களே செய்ததாக அறிவித்தும், பழி கிறித்தவர் மீது விழுந்தது. வாரக்கணக்கில் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. இறந்தோர் முப்பதுக்கு மேற்பட்டோர் என அரசுக் கணக்கே கூறுகிறது. பிறர் கணக்கு அதனினும் மிகுதி. பல்லாயிரவர் காடுகளிலும் முகாம்களிலும் தஞ்சம் புகுந்தனர். அவர்களுக்கு ஏறிச் செல்ல விமானம் இல்லை. திரும்பிச் சென்றால், தம் கூரைக்குத் தீ வைத்தவனின் வீட்டு வாசலைக் கடந்தே கிணற்றுக்குப் போக வேண்டும். அவர்களிடம் சென்று, பாரிபதாவில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் மன்னித்தாரே, நீங்களும் மன்னியுங்கள், வழக்கை மீட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பாதிக்கப்பட்டவன் தானே முன்வந்து தருவது ஒன்று. தீங்கு செய்தவனோ, வேடிக்கை பார்த்தவனோ, அமைதி வேண்டும் ஆட்சியாளனோ அதைக் கேட்டு வாங்குவது வேறு. கிளாடிஸ் அம்மையாரும் தம் பெயரால் மட்டுமே மன்னித்தார். மற்றவர்க்காக மன்னிக்க அவர் முற்படவில்லை.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். இரு மாணவர் சண்டையிட்டால் அடி வாங்கியவனைக் கூப்பிட்டு, 'சரி, மன்னித்துவிட்டேன் என்று சொல்' எனப் பணிக்கும் வழக்கம் பள்ளிகளிலே உண்டு. அவனும் சொல்லிவிட்டுப் போவான். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் சண்டை தொடரும்.

2004-இல் பாரிபதாவில் கிரகாம் ஸ்டெயின்ஸ் பெயரால் ஒரு மருத்துவமனை திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே அம்மையார் ஆஸ்திரேலியா திரும்பினார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது, வந்து பெற்றுக்கொண்டார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆயுள் தண்டனை பெற்றிருந்த இருவருள் ஒருவன் நன்னடத்தை காரணமாகச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டான். கிரகாம், பிலிப், திமோத்தி மூவரும் பாரிபதாவின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.